ஆறா, பதினேழா?

டெக்சாஸில் துப்பாக்கிப் பிரியர்கள் நாலு பேர் ஓரிடத்தில் சேர்ந்தால் போதும், கொஞ்ச நேரத்தில் பேச்சு அங்கே வந்து நின்றுவிடும்: ரிவால்வரா, செமி ஆட்டோமேடிக் பிஸ்டலா? டாலஸுக்குப் பக்கத்தில் நான் உறுப்பினராக இருக்கும் சுடுதளத்தில் வாரக் கடைசியானால் இந்தப் பேச்சு ஓயாது. தாத்தா காலத்து ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் ரிவால்வரைத் துடைத்துக்கொண்டே ஒருவர், "ஆறு தோட்டா, ஆறும் நிச்சயம்" என்பார். அடுத்த மேசைக்காரர் தன் க்ளாக் பிஸ்டலின், தோட்டா அடுக்கிய மேகஸினைத் தூக்கிக் காட்டி, "பதினேழு" என்று மட்டும் சொல்வார். புதியவர்களுக்குச் சுடக் கற்றுக்கொடுப்பவன் நான். இதில் எனக்கு ஒரு தீர்மானமான கருத்து உண்டு. அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

ரிவால்வர் மூத்தது. சாமுவேல் கோல்ட் அதற்கு அமெரிக்கக் காப்புரிமை பெற்றது 1836-இல். சினிமாவில் நாம் பார்த்துப் பழகிய கௌபாய் துப்பாக்கி, அதே கோல்ட்டின் கம்பெனி 1873-இல் கொண்டுவந்தது. ஒவ்வொரு முறையும் கட்டைவிரலால் ஹேமரை, அதாவது பின்பக்கச் சுத்தியலை, இழுத்துவிட்டுத்தான் சுட வேண்டும். தமிழில் கர்ணன் இயக்கிய ஜெய்சங்கர் கௌபாய் படங்களில் குதிரை மேலிருந்து சுழற்றியதெல்லாம் அந்த வார்ப்பைப் பார்த்து வந்ததுதான். பிறகு பரவலானவை டபுள் ஆக்‌ஷன். விசையை இழுக்கும் ஒரே இழுப்பில் தோட்டாக்களைத் தாங்கும் சிலிண்டர் ஒரு அறை திரும்பும், ஹேமர் பின்னால் போகும், விழும். 1899-இல் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் வெளியிட்ட .38 ஸ்பெஷல் ரிவால்வர் அந்த வகை. முக்கால் நூற்றாண்டுக்கும் மேலாக அமெரிக்கப் போலீஸ்காரர் இடுப்பில் இருந்தது பெரும்பாலும் அதுதான், அல்லது அதன் சொந்தபந்தம்.

இதில் வேலை முழுவதும் நம் விரல் செய்கிறது. தோட்டா வெடித்தாலும் வெடிக்காவிட்டாலும் சிலிண்டருக்கு அக்கறையில்லை. ஒன்று வெடிக்கவில்லையா, இன்னொரு முறை விசையை இழுத்தால் அடுத்த தோட்டா வந்து நிற்கும். ரிவால்வர்காரர்கள் "நிச்சயம்" என்று சொல்வதன் பொருள் இதுதான்.

பிஸ்டலில் கதை வேறு. முதல் தோட்டா வெடித்த வேகத்தில் மேலிருக்கும் ஸ்லைடு பின்னால் பாய்ந்து, காலி உறையை வெளியே எறிந்து, திரும்பி வரும்போது மேகஸினிலிருந்து அடுத்த தோட்டாவைத் தள்ளிக்கொண்டுபோய்க் குழலின் பின்முனையான சேம்பரில் வைக்கிறது. சுடும் தோட்டாவே அடுத்த தோட்டாவை ஏற்றுகிறது. இந்த வழியைச் செம்மைப்படுத்தியவர்களில் முதல் இடம் ஜான் மோசஸ் பிரவுனிங்குக்கு. அமெரிக்காவில் யூட்டா மாநிலத்து ஆக்டனில் 1855-இல் துப்பாக்கிக் கொல்லர் வீட்டில் பிறந்தவர். 1926-இல் பெல்ஜியத்தில் லியேஜ் நகரில், வேலை செய்துகொண்டிருந்த தொழிற்சாலையிலேயே உயிர்விட்டவர். அவர் வடிவமைத்த .45 பிஸ்டலை அமெரிக்க ராணுவம் சோதித்தபோது இரண்டு நாளில் ஆறாயிரம் தோட்டாக்களைச் சுட்டார்கள். சூடேறினால் தண்ணீரில் முக்கி எடுத்துவிட்டு மறுபடி சுட்டார்கள். ஒரு முறைகூட அது நிற்கவில்லை. 1911 மார்ச் மாதம் ராணுவம் அதை ஏற்றுக்கொண்டது. 1985 வரை அதுவே அவர்களுடைய கைத்துப்பாக்கி.

அதே 1911-இல், ஜூன் 17 அன்று, மணியாச்சி ரயில் நிலையத்தில் வாஞ்சிநாதன் கலெக்டர் ஆஷைச் சுட்டதும் பெல்ஜியத்தில் தயாரான ஒரு பிரவுனிங் பிஸ்டலால்தான். சுடுதளத்தில் என் அமெரிக்க நண்பர்களிடம் இதைச் சொன்னபோது நம்ப மறுத்தார்கள். பிரவுனிங் பெயரைத் தெய்வப் பெயர்போலச் சொல்பவர்கள் அவர்கள். திருநெல்வேலிச் சீமைவரை அந்தப் பெயர் போயிருக்கும் என்று அவர்கள் நினைத்துப் பார்த்ததில்லை. இங்கே இந்தத் துப்பாக்கிகளைப் பொழுதுபோக்காகப் பேசுகிறோம். எங்கோ சிலர் அதை வைத்து உயிரை எடுத்தார்கள், உயிரைக் கொடுத்தார்கள். பேச்சு சூடுபிடிக்கும் நேரங்களில் அந்த நினைப்பு எனக்கு வந்துவிடும்.

ரிவால்வர்காரர்களின் அந்த "நிச்சயம்", அதாவது ரிவால்வர் சிக்கவே சிக்காது என்பது, பாதி உண்மை. பிஸ்டல் அடிக்கடி சிக்கும், சட்டென்று சரியாகிவிடும். காலி உறை குறுக்கே மாட்டிக்கொண்டால், மேகஸினைக் கீழிருந்து ஒரு தட்டுத் தட்டி, ஸ்லைடை ஓங்கி இழுத்துவிட்டால் தீர்ந்தது. பழகிய கைக்கு இரண்டு விநாடி வேலை. ரிவால்வர் சிக்குவது அபூர்வம், ஆனால் சிக்கினால் அன்றைக்கு அவ்வளவுதான். காலி உறைகளை வெளியே தள்ளும் நட்சத்திர வடிவத் தகட்டின் அடியில், எரியாத வெடிமருந்துத் துணுக்கு ஒன்று, எள்ளில் பாதி இருக்கும், போய் உட்கார்ந்தால் சிலிண்டர் மூட மறுக்கும், மூடினாலும் சுற்றாது. பல் துலக்கும் பிரஷ் ஒன்று ரிவால்வர்காரர்கள் எல்லோருடைய பையிலும் இருப்பது இதற்காகத்தான். லேசான துப்பாக்கியில் கனமான தோட்டாவைப் போட்டால், அதிர்ச்சியில் பக்கத்து அறைத் தோட்டாவின் ஈயம் உறையை விட்டு முன்னால் நகர்ந்து சட்டத்தில் முட்டும். அதைப் பட்டறை மேசையில் வைத்துத்தான் சரிசெய்ய முடியும்.

போலீஸைப் பொறுத்தவரை இந்த வழக்கு எப்போதோ தீர்ந்துவிட்டது. 1986 ஏப்ரல் 11 அன்று மயாமியில் எஃப்.பி.ஐ. அதிகாரிகள் எட்டுப் பேர் இரண்டு கொள்ளையர்களை மடக்கினார்கள். ஐந்து நிமிடத்துக்குள் முடிந்த அந்தச் சண்டையில் இரண்டு அதிகாரிகள் இறந்தார்கள், ஐந்து பேர் காயமடைந்தார்கள். அதிகாரிகளில் பெரும்பாலோரிடம் இருந்தது ரிவால்வர். கையில் குண்டடி பட்ட ஒருவரால் காலியான சிலிண்டரில் தோட்டா நிரப்ப முடியவில்லை. அந்தக் காட்சியைப் படித்தவர் யாரும் மறக்க மாட்டார்கள். அதன் பிறகு எஃப்.பி.ஐ. பிஸ்டலுக்கு மாறியது, நாடெங்கும் போலீஸ் துறைகள் பின்தொடர்ந்தன. அப்போதுதான் ஆஸ்திரியாவிலிருந்து க்ளாக் அமெரிக்காவுக்குள் வந்துகொண்டிருந்தது. பாலிமர் சட்டம், எடை குறைவு, பதினேழு தோட்டா. 1982-லேயே அந்த நாட்டு ராணுவம் ஏற்றுக்கொண்ட துப்பாக்கி. நியூயார்க் போலீஸில் கடைசி ரிவால்வர்கள் 2018-இல் விடைபெற்றன.

மயாமியைப் பற்றிப் பேசுபவர்கள் ஒன்றை விட்டுவிடுகிறார்கள். அந்தச் சண்டையை முடித்துவைத்ததும் ஒரு ரிவால்வர்தான். இடது கை செயலிழந்த எட்முண்டோ மிரேலெஸ் என்ற அதிகாரி, எழுந்து நடந்துபோய், தன் .357 மேக்னத்தில் இருந்த ஆறையும் சுட்டு முடித்தார். கொள்ளையர்களில் ஒருவன் கையில் இருந்தது ரைஃபிள். ரைஃபிளுக்கு எதிரே எந்தக் கைத்துப்பாக்கியும் சிறியதுதான். அதில் ஆறு போகுமா பதினேழு போகுமா என்பது அடுத்த கேள்வி. ஆனாலும் வேலைக்காகத் துப்பாக்கி சுமப்பவர்களுக்குப் பிஸ்டலே சரி என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. கூடுதல் தோட்டா, காயப்பட்ட கையாலும் மாற்றக்கூடிய மேகஸின், இவை உயிரைக் காப்பவை.

சுடுதளத்துக்கு வருபவர்களில் பெரும்பாலோர் போலீஸ்காரர்கள் அல்ல. என் அக்கறை அவர்களைப் பற்றியது.

எங்கள் பக்கத்தில் தமிழ்க் குடும்பங்கள் பெருகிவிட்டன. கோயம்புத்தூர்ப் பக்கத்திலிருந்து வந்து இங்கே குடியுரிமை பெற்ற ஒரு இளம் தம்பதி, தெருவில் ஒரு வீட்டில் திருட்டு நடந்த பயத்தில், 9 மில்லிமீட்டர் பிஸ்டல் ஒன்றை வாங்கிவிட்டார்கள். வீட்டில் நாலு வயதுப் பெண் குழந்தை. கற்றுக்கொள்ள என்னிடம் வந்தார்கள். தம்பி நல்ல கவனக்காரர். குழல் இலக்குப் பக்கமே இருக்கும்படி பிஸ்டலை மேசையில் வைத்து, மேகஸினைக் கழற்றிப் பக்கத்தில் வைத்தார்.

"மேகஸின எடுத்துட்டனுங்ணா, இப்ப காலிதானுங்க" என்றார்.

"ஸ்லைட ஒருதரம் பின்னால இழுங்க தம்பி" என்றேன்.

இழுத்தார். பித்தளை நிறத்தில் ஒரு தோட்டா துள்ளி எழுந்து, மேசை விளிம்பில் பட்டு, சிமெண்டுத் தரையில் உருண்டது. அவர் மனைவி அதைக் குனிந்து பார்த்தார். எடுக்கவில்லை.

"அப்ப காலையில இருந்து இது உள்ளயே இருந்துச்சுங்களா?"

இருந்தது. வாங்கும்போது கடைக்காரர் ஏற்றிக் காட்டியதா, வீட்டில் இவர் ஏற்றிப் பார்த்ததா என்று அவர்களுக்கே நினைவில்லை. சேம்பரில் தோட்டா இருப்பதற்கு அடையாளம் காட்டும் பிஸ்டல்கள் உண்டு. மேகஸின் இல்லாவிட்டால் சுடாத பிஸ்டல்களும் உண்டு. பெரும்பாலானவை அப்படியல்ல. மேகஸின் வெளியே வந்தால் காலி என்றுதான் புதியவர் மனம் கணக்குப் போடும். ஒன்று உள்ளே மிச்சமிருக்கும்.

ரிவால்வரில் இந்த மறைவு இல்லை. சிலிண்டரைப் பக்கவாட்டில் திறந்தால் ஆறு அறையும் ஒரே பார்வையில் தெரியும். காலியென்றால் ஆறு ஓட்டையின் வழியாகவும் வெளிச்சம் தெரியும். மேசைக்கு அந்தப் பக்கம் நிற்கும் மனைவிக்கும் தெரியும். நான் கற்றுக்கொடுப்பவர்கள் எல்லோரையும் முதலில் ரிவால்வரில் தொடங்கவைப்பதற்கு முதல் காரணம் இதுதான்.

இன்னொரு காரணமும் உண்டு, எனக்கு அது இன்னும் பெரியது. புதிதாகச் சுடுபவர் எல்லோருக்கும் ஒரு நோய் உண்டு: வெடிச் சத்தம் வரப்போகிறது என்று உடம்புக்குத் தெரிந்து, அதற்கு ஒரு நொடி முன்பே மணிக்கட்டு துப்பாக்கியைக் கீழே அழுத்திவிடும். குண்டு இலக்குக்குக் கீழே போய்விடும். சுட்ட கையோடு துப்பாக்கி எகிறுவதால் இந்தத் தாழ்வு கண்ணில் படாது. ரிவால்வரில் நான் மூன்று அறையில் மட்டும் தோட்டா போட்டு, மற்றவற்றை ஒழுங்கில்லாமல் காலியாக விட்டு, சிலிண்டரைச் சுற்றி மூடிக் கொடுப்பேன். எது காலி என்று சுடுபவருக்குத் தெரியாது. காலி அறையில் ஹேமர் 'டிக்' என்று விழும்போது, சத்தமும் இல்லை, எகிறலும் இல்லை, குழல் முனை மட்டும் தலையாட்டுவதுபோலக் கீழே போகும். பார்த்தவுடன் அவருக்கே புரிந்துவிடும். விளக்கமே தேவையில்லை. பிஸ்டலில் இதைச் செய்யப் போலித் தோட்டாக்களைக் கலந்து மேகஸினில் போட வேண்டும், ஒவ்வொரு முறையும் கையால் வெளியேற்ற வேண்டும். பாடம் பாதியில் அறுந்துபோகும்.

விசையும் ஒரு வாத்தியார்தான். டபுள் ஆக்‌ஷனில் விரல் ஏறக்குறைய ஐந்து கிலோ இழுக்க வேண்டும். க்ளாக்கில் அதில் பாதி. அந்த நீண்ட, கனமான இழுப்பைக் குழல் அசையாமல் இழுக்கப் பழகிய விரல் எந்தப் பிஸ்டலிலும் நன்றாகச் சுடும். லூசியானாக்காரரான ஜெரி மிக்குலெக் 1999-இல் ஒரு ரிவால்வரால் ஆறு சுட்டு, மறுபடி நிரப்பி, இன்னும் ஆறு சுட்டார், மொத்தம் 2.99 விநாடியில். கண் தொடர முடியாத வேகம் அது. எல்லோருக்கும் அது வராது. ஆனால் ரிவால்வர் மெதுவானது என்று சொல்பவர்களுக்கு அந்த மனிதர் ஒருவரே போதும்.

ஒரு எச்சரிக்கை. கடைகளில் பெண்கள் வந்தாலும் வயதானவர்கள் வந்தாலும் அரைக் கிலோகூட எடையில்லாத, ஐந்து தோட்டாக் குட்டி ரிவால்வரை எடுத்து நீட்டுகிறார்கள். சின்னது, சுலபம் என்று சொல்லி. இது எனக்குக் கோபம் தரும் பழக்கம். எடை குறைந்தால் உதை கூடும். அந்தக் குட்டித் துப்பாக்கி, தேர்ந்தவர்களுக்கே கடினமானது. ஐந்து முறை சுட்டதும் உள்ளங்கை எரியும். அதில் தொடங்கியவர்கள் மறுமுறை சுடுதளத்துக்கு வருவதேயில்லை. துப்பாக்கி மட்டும் வீட்டு இழுப்பறையில் கிடக்கும். பழகாத கை, கையிருப்பில் துப்பாக்கி: இதைவிட மோசமான சேர்க்கை இல்லை.

கற்க நினைப்பவர் யாராயினும் என் பதில் இது. ஒரு கிலோ எடையுள்ள, நான்கு அங்குலக் குழல் கொண்ட ரிவால்வரில் தொடங்குங்கள், முதலில் .22, பிறகு .38. சிலிண்டருக்கும் குழலுக்கும் நடுவே உள்ள சந்தில் சுடும்போது தீ பக்கவாட்டில் பீறிடும், விரலை அதற்கு முன்னால் நீட்டாதீர்கள். கை அடங்கிய பிறகு 9 மில்லிமீட்டர் பிஸ்டலுக்குப் போங்கள். வீட்டுக் காவலுக்கு அதையே வைத்துக்கொள்வதானாலும் எனக்கு மறுப்பில்லை. வீட்டில் குழந்தை இருந்தால், துப்பாக்கி வாங்கும் முன்பே பூட்டுப்பெட்டியை வாங்கிவிடுங்கள்.