கடைசி ஆட்டத்தின் கணக்கு

பிளாக்ஜாக் போட்டிக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் சாதாரண மேசையில் பழகிய கையோடுதான் வருகிறார்கள். பதினாறு சேர்ந்தால் என்ன செய்வது, டீலர் ஆறைக் காட்டினால் எப்போது நிற்பது, எப்போது பந்தயத்தை இரட்டிப்பாக்கி டபுள் செய்வது என்பதெல்லாம் அவர்களுக்கு மனப்பாடம். அந்த அடிப்படை ஆட்டமுறையை நான்கு அமெரிக்கர்கள் மேசைக் கணக்கு இயந்திரங்களைக் கொண்டு கணக்கிட்டு, 1956இல் அமெரிக்கப் புள்ளியியல் கழகத்தின் இதழில் வெளியிட்டார்கள். 1962இல் எட்வர்ட் தார்ப் 'பீட் தி டீலர்' நூலில் சீட்டு எண்ணும் முறையைச் சொன்னார். இரண்டும் அரிய சாதனைகள். ஆனால் இரண்டுமே டீலரிடம் நெடுநாள் ஆடினால் பணம் எப்படி மிஞ்சும் என்ற கேள்விக்குத்தான் விடை தேடின. போட்டியில் அந்தக் கேள்வியே எழுவதில்லை. எல்லோருக்கும் ஒரே அளவு சில்லுகளைக் கொடுத்து, இருபத்தைந்தோ முப்பதோ ஆட்டங்கள் ஆடவிட்டு, முடிவில் யாரிடம் அதிகம் இருக்கிறது என்று எண்ணுகிறார்கள். ஒரு சில்லு கூடுதலாக இருந்தாலும் முதலிடம்தான், ஆயிரம் கூடுதலாக இருந்தாலும் அதே முதலிடம்தான். அதனால் போட்டி ஆட்டக்காரரின் திறமையைச் சீட்டு கேட்பதிலும் நிற்பதிலும் தேடக் கூடாது, பந்தயத் தொகையில் தேட வேண்டும் என்பது என் கட்சி. டீலரின் கை எப்படி முடிந்தால் யார் முன்னால் இருப்பார் என்பதை அந்தத் தொகைதான் பங்கிடுகிறது.

ஓர் உதாரணத்தை முழுக்கப் போட்டுப் பார்த்துவிடலாம். கடைசி ஆட்டம். முன்னணியில் இருப்பவரிடம் 1200, பின்தொடர்பவரிடம் 1000. குறைந்த பந்தயம் 10, உச்சம் 500. முன்னணியாளர் முதலில் கட்ட வேண்டிய முறை. வெற்றியை உறுதி செய்துகொள்ளும் எண்ணத்தில் அவர் 500ஐக் கட்டிவிடுகிறார். பார்க்கத் துணிச்சலாக இருக்கும். அடுத்தவர் அமைதியாக 250 கட்டுகிறார். இப்போது முன்னணியாளர் தோற்றால் அவரிடம் 700 மிஞ்சும். பின்தொடர்பவர் தோற்றால்கூட 750 இருக்கும், ஜெயித்தால் 1250. அதாவது முன்னணியாளர் தோற்கும் ஒவ்வொரு முறையும், தன் சீட்டு எப்படி வந்தாலும் பின்தொடர்பவரே முதலிடம். பிளாக்ஜாக்கில் ஓர் ஆட்டத்தில் ஆட்டக்காரர் ஜெயிப்பது நூற்றுக்குச் சுமார் 43 முறை, தோற்பது 48 அல்லது 49 முறை, மீதி சமன். முன்னணியாளருக்குச் சமனாகி மற்றவர் ஜெயித்தாலும் 1250 எதிர் 1200. எல்லாவற்றையும் கூட்டினால் 200 சில்லு பின்தங்கியிருந்தவரின் வாய்ப்பு பாதிக்கு மேலே போய்விடுகிறது. இதே முன்னணியாளர் 190 மட்டும் கட்டியிருந்தால்? தோற்றாலும் அவரிடம் 1010 இருக்கும். எதிராளி சும்மா ஒதுங்கி நின்று முதலிடத்தைப் பெற வழியே இல்லை. அவர் தன் ஆட்டத்தை ஜெயித்தே ஆக வேண்டும். அதுவும் 390க்கு மேல் கட்டியிருக்க வேண்டும். முன்னணியாளருக்கு இரண்டே சீட்டில் 21 விழுந்து ஒன்றரை மடங்கு கிடைத்தால் 1485 ஆகிவிடும் என்பதால், உண்மையில் உச்சமான 500ஐயே கட்ட வேண்டியிருக்கும். இப்போது பின்தொடர்பவரின் வாய்ப்பு அந்த 43ஐ ஒட்டி நின்றுவிடுகிறது. கையிருப்பு மாறவில்லை, சீட்டும் மாறவில்லை. கட்டிய தொகை ஒன்று மாறியதில் நூற்றுக்கு எட்டு, ஒன்பது முறைகளின் வெற்றி கைமாறிவிட்டது. அடிப்படை ஆட்டமுறையை அப்பழுக்கின்றி ஆடுகிறவருக்கு எதிராகக் கேசினோவுக்கு இருக்கும் அனுகூலமோ, நல்ல விதிகள் உள்ள மேசையில், அரை சதவீதத்தை ஒட்டியதுதான். போட்டியில் எது பெரிது, எது சிறிது என்பதை இந்த இரண்டு எண்களே சொல்லிவிடும்.

யார் முதலில் கட்டுகிறார் என்பது இதைவிடவும் பெரிய விஷயம். அதே 1200, 1000 நிலையில் பின்தொடர்பவர் முதலில் கட்ட வேண்டும் என்று வையுங்கள். அவர் 500 கட்டினால் முன்னணியாளரும் 500 கட்டுவார். 10 கட்டினால் இவரும் 10. இருவரும் ஜெயித்தாலும் இருவரும் தோற்றாலும் இடைவெளி அப்படியே இருக்கும். டீலர் ஒருவரே என்பதால் மேசையில் உள்ளவர்களின் முடிவுகள் பெரும்பாலும் சேர்ந்தேதான் போகும். நூற்றுக்கு 28 முறை டீலர் 21ஐத் தாண்டுகிறார். அப்போது மேசையில் மிஞ்சியிருக்கும் எல்லோரும் ஜெயிப்பார்கள். டீலருக்கு 20 வந்தால் கிட்டத்தட்ட எல்லோரும் தோற்பார்கள். தான் ஜெயித்து முன்னணியாளர் தோற்பது, அல்லது ஒருவருக்குச் சமனாகி மற்றவருக்கு வேறாக முடிவது என்ற குறுகிய சந்தில்தான் பின்தொடர்பவர் நுழைய வேண்டும். அந்த வாய்ப்பு மூன்றில் ஒரு பங்கைக்கூட எட்டாது. ஆகவேதான் முதலில் கட்டுபவரைக் காட்டும் பட்டன் ஒவ்வோர் ஆட்டத்துக்கும் ஓர் இருக்கை நகர்கிறது. கடைசி ஆட்டத்தில் அது யார் முன்னால் நிற்கும் என்று தொடக்கத்திலேயே விரல்விட்டு எண்ணிப் பார்த்துவிட வேண்டும். 2006இல் அமெரிக்காவில் சிபிஎஸ் தொலைக்காட்சியில் வந்த அல்டிமேட் பிளாக்ஜாக் டூர் போட்டிகளை இதற்குச் சாட்சியாகச் சொல்லலாம். அங்கே 8, 16, 25ஆம் ஆட்டங்களின் முடிவில் குறைந்த சில்லு வைத்திருந்தவர் வெளியேற்றப்பட்டார். ஒவ்வொருவருக்கும் ஒரே ஒரு தடவை, தொகையைத் துண்டுச் சீட்டில் எழுதி மறைவாகப் பந்தயம் கட்டும் உரிமையும் இருந்தது. அடுத்தவர் எவ்வளவு கட்டினார் என்று தெரிவது அத்தனை பலம் என்று விதியை வகுத்தவர்களுக்கே தெரிந்திருந்தது.

இதையெல்லாம் கேட்டுவிட்டு, கடைசியில் தீர்மானிப்பது சீட்டுதானே, கணக்குப் போட்டு என்ன பயன் என்பார்கள். ஓர் ஆட்டத்தைச் சீட்டுதான் தீர்மானிக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் எந்தச் சீட்டு வந்தால் நாம் ஜெயிப்போம் என்பதை நாமே முன்கூட்டி வகுத்துக்கொள்கிறோம். கபடியில் கடைசி நிமிடத்தில் இரண்டு புள்ளி முன்னால் இருக்கும் அணி பிடிக்கப் பாயாமல் விலகி நிற்பதை யாரும் அதிர்ஷ்டம் என்று சொல்வதில்லை. நுழைவுக் கட்டணம் முழுவதையும் பரிசாகத் திருப்பித் தரும் போட்டியில் கேசினோவுக்குப் பங்கே இல்லை. ஒருவர் பிசகினால் அவருடைய பங்கு மேசையில் உள்ள மற்றவர்களுக்குப் போகிறது. டீலரை வெல்வதைவிட இது எட்டக்கூடிய காரியம். சீட்டு எண்ணத் தெரிந்தால் போதாதா என்று கேட்பவர்களும் உண்டு. 2004இல் முதல் வேர்ல்ட் சீரிஸ் ஆஃப் பிளாக்ஜாக் போட்டியை வென்ற மைக் அபோன்டே, சீட்டு எண்ணுவதில் பேர்பெற்ற எம்.ஐ.டி. குழுவைச் சேர்ந்தவர் என்பதையும் எடுத்துக்காட்டுவார்கள். எண்ணுவதால் கிடைப்பது ஓரிரண்டு சதவீத அனுகூலம். அது பலனாகத் திரள்வதற்கு ஆயிரக்கணக்கான ஆட்டங்கள் வேண்டும். முப்பது ஆட்டத்தில் அது வெளியே தெரியாது. எண்ணுகிறவர் போட்டியில் ஜெயிப்பதற்குக் காரணம், எண்களோடு பழகிய நிதானமும் எதிராளியின் சில்லுக் குவியலைக் கண்ணால் அளக்கும் பயிற்சியும் என்றே நினைக்கிறேன்.

முதல் ஆட்டத்திலேயே பெரிதாகக் கட்டி முன்னேறிவிடலாம் என்ற வாதத்தில் கொஞ்சம் நியாயம் உண்டு. ஏழு பேரில் ஒருவருக்குத்தான் அடுத்த சுற்று என்றால் கடைசிவரை குறைந்த தொகையையே கட்டிக்கொண்டிருப்பவருக்கு வழி கிடைக்காது. ஆனால் எப்போது பெரிதாக்குவது என்பதற்கு ஆட்ட எண்ணிக்கையைவிட இடைவெளியைத்தான் பார்க்க வேண்டும். உச்சம் 500 உள்ள மேசையில், குறைந்த தொகையே கட்டிவரும் முன்னணியாளருக்கு 200 பின்னால் இருப்பவர் 220 கட்டலாம். தோற்றால் அடுத்த ஆட்டத்தில் 450 கட்டலாம். ஆக, ஒரே வெற்றியில் முந்திவிடும் இரண்டு முயற்சிகள் அவருக்கு இருக்கின்றன. இடைவெளியை 400 ஆகும்வரை வளரவிட்டவருக்கு ஒரு முயற்சிதான் மிஞ்சும். அதுவும் கடந்துவிட்டால் அடுத்தடுத்து இரண்டு வெற்றிகள் வேண்டும். அதன் வாய்ப்பு நூற்றுக்கு 18. பின்தங்கியவர்கள் தாமதிப்பதுதான் நான் அடிக்கடி பார்க்கும் பிசகு. அவசரப்படுகிறவர்கள் அதைவிடக் குறைவு. முன்னணியாளர் சிறிதாகக் கட்டும்போது பெரிதாகவும், அவர் பெரிதாகக் கட்டும்போது சிறிதாகவும் கட்டி அவருடைய முடிவிலிருந்து விலகி நிற்பதே துரத்துகிறவரின் வேலை. முன்னணியாளரின் வேலை இதற்கு நேர்மாறு, பின்னால் வருபவரின் தொகையை நிழல்போல் ஒட்டிப்போவது. கடைசி ஆட்டத்தில் இருப்பதை எல்லாம் கட்ட நேர்ந்தாலும் ஒரு சில்லைக் கையில் நிறுத்திக்கொள்ள வேண்டும். எல்லோரும் எல்லாவற்றையும் கட்டித் தோற்றால் அந்த ஒரு சில்லே முதலிடம்.

தொகை இப்படி முதன்மை பெற்றுவிட்டால் சீட்டு ஆடும் முறையும் அதற்குக் கீழ்ப்படிய வேண்டும். 800 பின்தங்கியவர் உச்சமான 500ஐக் கட்டி, இரண்டே சீட்டில் 21 வருகிறது. ஒன்றரை மடங்கு என்பது 750, போதாது. விதி இடங்கொடுத்தால் அவர் அதை டபுள் செய்ய வேண்டும், 1000 கிடைத்தால்தான் முந்த முடியும். இரண்டு பத்துகள் வந்தால் அவற்றைப் பிரித்து இரண்டு பந்தயமாக ஆட வேண்டும். சாதாரண மேசையில் இவை இரண்டும் பெரும் பிசகுகள். அங்கே கற்ற ஒழுங்கைக் கைவிட மனம் வராமல், 750ஐ வாங்கிக்கொண்டு 50 சில்லில் வெளியேறுவது இந்த மேசையில் அதைவிடப் பெரிய பிசகு. கேசினோ போட்டிகளைப் பற்றியே தனி நூல் எழுதிய ஸ்டான்ஃபோர்ட் வாங் போன்றவர்கள் இத்தகைய நிலைகளை ஒவ்வொன்றாகக் கணக்கிட்டு வைத்திருக்கிறார்கள். எல்லாவற்றையும் மனப்பாடம் செய்யத் தேவையில்லை. எதிராளி ஜெயித்தால் எவ்வளவு, தோற்றால் எவ்வளவு, நான் ஜெயித்தால், தோற்றால் எவ்வளவு என்ற நான்கு எண்களைச் சில்லை நகர்த்துவதற்கு முன் மனத்தில் போட்டுப் பார்த்தாலே பாதி வேலை முடிந்துவிடும்.

போட்டியில் ஆடுகிறவர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. அடுத்த சுற்றுக்கான பட்டியலில் பெயர் இல்லாமல் வெளியே வந்ததும், அதே அரங்கில் உள்ள சாதாரண மேசைகளில் போய் உட்காராதீர்கள். இங்கே சொன்னவை யாவும் பக்கத்து இருக்கைக்காரரை முந்துவதற்கான வழிகள். அந்த மேசைகளில் முந்துவதற்கு யாரும் இல்லை. தொகையைக் கூட்டினாலும் குறைத்தாலும் கேசினோவின் அரை சதவீதம் அங்கே அப்படியே இருக்கும்.