வேரிலிருந்து கொழுந்து வரை

சென்னையிலிருந்து வடக்கே போகும் புறநகர் ரயில்கள் பலவும் கும்மிடிப்பூண்டியோடு நின்றுவிடும். என்னோடு இறங்கியவர்கள் ஷேர் ஆட்டோ பிடித்து சிப்காட் பக்கம் போனார்கள். நான் ஊருக்குள் நடந்தேன். தகரக் கூரை போட்ட ஒரு திண்ணையில் மூன்று பெண்கள் மரம் செய்துகொண்டிருந்தார்கள். எல்லாம் ஒரு சாணுக்கும் குட்டையான மரங்கள். கட்டட மாதிரிகளுக்கும், கொலுப் பூங்காவுக்கும், மேசைமேல் பொம்மைப் படைகளை நிறுத்திப் போர் விளையாடுகிறவர்களுக்கும் உரியவை.

மூத்தவர் பழைய ஒயரின் தோலை பிளேடால் சீவினார். எரித்தால் சீக்கிரம் முடியும். ஆனால் அந்த பிவிசி புகை நெஞ்சைக் கெடுக்கும். 32 செம்புக் கம்பிகளைச் சேர்த்து முறுக்கியதும் அடிமரம் ஆயிற்று. மேலே 16, 8, 4, 2 என்று பிரித்துப் பிரித்து முறுக்க, கிளை கிளையாக விரிந்தது. கீழே மிச்சம் விட்ட நுனிகளை மடக்கினால் வேர். அதை ஒரு கனத்த இரும்பு வாஷரில் ஒட்டிவிட்டால் மரம் சாயாது.

“வேருலேருந்து கொழுந்து வரைக்கும் ஒரே கம்பிதான் தம்பி. நடுவுல எதுவும் ஒட்டக்கூடாது” என்றார்.

எனக்குச் சிலிர்த்தது. ஒரு மரத்தின் கிளைகளை எந்த உயரத்தில் சேர்த்துக் கட்டினாலும் அடிமரத்தின் பருமன் வரும் என்று லியொனார்டோ டாவின்சி எழுதிவைத்தார். இந்தத் திண்ணையில் அது கைப்பழக்கமாகவே இருக்கிறது.

வால் புட்டியையும் ஃபெவிகாலையும் குழைத்துப் பூசி, ஈரம் காயுமுன் ஊசியால் கீறுகிறார்கள், பட்டை வந்துவிடுகிறது. ஸ்பாஞ்சை மிக்ஸியில் அரைத்துச் சாயம் ஏற்றியதுதான் இலை. ஒரே பச்சையாக இருந்தால் பொம்மை போலத் தெரியும் என்று மூன்று பச்சை கலக்கிறார்கள்.

எச். ஜி. வெல்ஸ் 1913-இல் ‘லிட்டில் வார்ஸ்’ எழுதிய காலத்தில், பலகைத் துளையில் செருகிய சுள்ளிகளே மரமாக இருந்தன. இன்றைய 28 மில்லிமீட்டர் சிப்பாயின் அளவுக்கு, 15 மீட்டர் வேம்பு ஏறக்குறைய 25 சென்டிமீட்டர் உயரம் இருக்க வேண்டும். ஆனால் கிளைகளுக்கு நடுவே கைவிட்டுச் சிப்பாயை நகர்த்த வேண்டுமே! அதனால் பாதியாகக் குறைக்கிறார்கள். உயரம் குறையலாம்; கிளை பிரிகிற முறை மாறக் கூடாது. பார்க்கிறவர் கண் மரம் என்று நம்புவது அந்தப் பிரிவைப் பார்த்துத்தான்.

புதிதாகப் பழகும் பெண் ஒரு மரத்தை நீட்டினாள். என் கண்ணுக்குக் குறையே இல்லை. மூத்தவர் விரலால் தடவி ஓரிடத்தில் நின்றார். கிளை ஒடிந்த இடத்தில் துண்டுக் கம்பியை ஒட்டியிருந்தாள். “ஒட்டுனது உதிரும்மா” என்று சொல்லி, திட்டாமல், முறுக்கை மெல்லப் பிரித்தார். நிமிர்த்திய கம்பிகளை மடியில் வரிசையாக வைத்து எண்ணினார். முப்பத்தொன்று. புதிதாக ஒரு கம்பி சீவி எடுத்து, அவள் கையிலேயே கொடுத்தார்.