மார்கழிக்கு முன்னால் ஒரு குடிமாற்றம்

"வீட்டை விக்கப் போறேம்மா. மார்கழி பொறக்கறதுக்குள்ள காலி பண்ணிக் கொடுத்துட்டா நல்லது" என்று வீட்டுக்காரர் வந்து சொன்னபோது, கார்த்திகை முடியப் பத்தே நாள்தான் பாக்கி. திருவாரூர் கமலாலயம் வடகரையில், ஐந்து வேலிக் குளத்துக் காற்று வாங்கிக்கொண்டு இருபத்திரண்டு வருஷம் குடியிருந்த ஓட்டு வீடு! 2018 நவம்பரில் கஜா புயல் ஓடுகளைப் பிய்த்துப் போட்டபோதுகூட அதை விட்டு நாங்கள் நகரவில்லை.

"சமாளிச்சுடலாம்" என்றார் என்னவர். சொல்லிவிட்டு ஆபீசுக்குப் போய்விட்டார்!

அலைந்து திரிந்து, ஓடம்போக்கி ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஒரு வீடு பிடித்தோம். எனக்கு உள்ளூர சந்தோஷம்தான். வெளிச்சமான அடுப்படி, குழாயைத் திறந்தால் தண்ணீர். ஆனால் அடைமழை விடவேண்டுமே! பதினேழு மூட்டை கட்டி, ஒவ்வொன்றுக்கும் எண் போட்டு, உள்ளே இருப்பதை நோட்டில் எழுதி வைத்தேன்.

அன்று விடியற்காலையில் விளக்கு, உப்பு, மஞ்சள், அரிசி, நிறைகுடம் எல்லாம் முறைப்படி முதலில் போயின. பால் பொங்கியது. தார்ப்பாய் போர்த்திய குட்டியானை வண்டி மூன்று நடை அடித்தது.

ராத்திரி எட்டு மணிக்கு மாமியார் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"என்னத்தை?"

"ஒண்ணுமில்லம்மா, லேசா தலை சுத்துது."

"மாத்திரை போட்டீங்களா?"

"காலையிலேருந்து கண்ணுல படலை. நீ ஓடிக்கிட்டே இருந்தே. தொந்தரவு பண்ண வேணாம்னு விட்டுட்டேன்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ரத்த அழுத்த மாத்திரையைத் திடீரென்று நிறுத்தக் கூடாது என்பது தெரியாதவளா நான்? மூட்டைகளை அவிழ்த்துக் கொட்டினோம். மாத்திரையும் இல்லை, மருந்துச் சீட்டும் இல்லை.

மழையில் மகன் பழைய வீட்டுக்கு ஓடினான். அடுப்படி மாடத்தில், என்றும் இருக்கும் அதே இடத்தில் டப்பா இருந்தது! தினமும் பார்த்துப் பழகிய கண், அதைச் சாமானாகவே எண்ணவில்லை.

வழக்கமாகப் பார்க்கும் டாக்டருக்குப் போன் செய்தோம். "விட்டுப் போச்சேன்னு ரெண்டாக் கொடுத்துடாதீங்க. ஒண்ணு போதும்" என்றார். அத்தை தூங்கும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன்.

வீடு மாற்றப் போகும் சகோதரிகளே! மாத்திரை, மருந்துச் சீட்டு, டார்ச், குடிதண்ணீர், ரேஷன் கார்டு இவற்றை ஒரு பையில் போட்டு, வண்டியில் ஏற்றாமல் உங்கள் தோளிலேயே மாட்டிக்கொள்ளுங்கள். எத்தனை அவசரமானாலும், பெரியவர்களிடம் "மாத்திரை போட்டாச்சா?" என்று காலையிலேயே கேட்டுவிடுங்கள். அவர்களாகச் சொல்ல மாட்டார்கள்.

புது வீட்டு அடுப்படியில் மாடம் கிடையாது. அத்தையின் டப்பா இப்போது என் அஞ்சறைப் பெட்டிக்குப் பக்கத்தில் இருக்கிறது.