சனையாவில் ஒரு தட்டு ஃபூல்

தோஹாவுக்கு வரும் சொந்தக்காரர்களை நாம் கார்னிஷுக்கும் சூக் வாகிஃபுக்கும்தான் கூட்டிப்போவோம். சல்வா ரோட்டை ஒட்டியிருக்கும் தொழில்பேட்டைக்கு யாரும் போட்டோ எடுக்கப் போவதில்லை. அரபியில் அதற்கு ‘சனையா’ என்று பெயர்; நம்மாட்களும் அப்படித்தான் சொல்கிறார்கள். அங்கே தெருக்களுக்கு நம்பர்தான் அடையாளம். கராஜ், இரும்புக்கடை, கிடங்கு, தொழிலாளர் கேம்ப் என்று வரிசையாகப் போய்க்கொண்டே இருக்கும்.

ஒரு கிடங்குக்கு சாஃப்ட்வேர் போட்டுக்கொடுக்கும் வேலையாக, ஒரு ஜூன் மாதம் முழுக்க அங்கே போய்வந்தேன். கத்தாரில் ஜூன் 1 முதல் செப்டம்பர் 15 வரை, காலை 10 மணியிலிருந்து மதியம் 3.30 வரை வெயிலில் வேலை வாங்கக்கூடாது என்று சட்டம். அதனால் விடியும்போதே வேலை தொடங்கிவிடும். சாப்பாடும் அப்போதே. பக்கத்துக் கடையில் அந்த நேரத்துக்குக் கிடைத்தது ஃபூல், குபூஸ், டீ, அவ்வளவுதான்.

எனக்குச் சின்ன வயசிலிருந்தே பயறு, கொட்டை வகை ஆகாது. பொங்கலுக்கு அம்மா மொச்சைக் குழம்பு வைத்தால், குழம்பை மட்டும் ஊற்றிக்கொண்டு கொட்டையை ஓரம் தள்ளுகிற ஆள். வாய்க்குள் மாவு மாதிரி ஒட்டும், தோல் தனியாகச் சுற்றும். ஃபூலும் கிட்டத்தட்ட அதே ஜாதிதான். எகிப்துக்காரர்களின் காலைச் சாப்பாடு. காய்ந்த ஃபாவா பீன்ஸை ஊறவைத்து, கழுத்து குறுகிய பானையில் ராத்திரி முழுக்கச் சின்னத் தீயில் வேகவிடுவார்கள். காலையில் மசித்து, சீரகம், பூண்டு, எலுமிச்சை, ஆலிவ் எண்ணெய் சேர்த்துத் தருவார்கள்.

முதல் நாள் இரண்டு வாய்க்கு மேல் இறங்கவில்லை. யாரும் வற்புறுத்தவும் இல்லை. ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் ராமநாதபுரத்து அண்ணன் மட்டும் சொன்னார்: “தம்பி, குபூஸைப் பெருசாப் பிச்சுக்கிட்டு ஃபூலைக் கொஞ்சமாத் தொடுங்க. எலுமிச்சையை நல்லாப் பிழிஞ்சுக்குங்க. எனக்கும் ஆரம்பத்துல பிடிக்கல. ஆனா பத்து மணி வரைக்கும் இதுதான் தாங்கும்.”

தினமும் கொஞ்சம் தொட்டேன். மூன்றாவது வாரம் நானே ஒரு தட்டு கேட்டு வாங்கினேன். “வீட்டுப் பிள்ளைகளையும் பழக்கணும்ணே” என்றேன். அவர் சிரித்தார். “ஊர்ல எம்பொண்ணும் மொச்சையை ஓரந்தள்ளும். தள்ளட்டும் தம்பி. வேணாம்னு சொல்ற வசதி அதுக்காவது இருக்கட்டும்னுதானே இங்க நிக்கிறேன்.”

அதற்கு எனக்குப் பதில் வரவில்லை. ‘பிடிக்கல’ என்று சொல்வதும் ஒரு வசதிதான். அதைப் பிள்ளையிடமிருந்து பறிக்காமல் சாப்பாட்டை மட்டும் பழக்க முடியுமா?

முடியும், நேரம்தான் ஆகும். ஒரு புது உணவைக் குழந்தை ஏற்றுக்கொள்ள எட்டு, பத்து தடவை, சில சமயம் அதற்கு மேலும் ருசி பார்க்க வேண்டியிருக்கும் என்கிறார்கள் ஆய்வாளர்கள். கட்டாயப்படுத்தினால் வெறுப்புதான் வளரும். ராத்திரியே ஊறப்போட்டு, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் குழைய வேகவையுங்கள். வயிற்று உப்புசமும் குறையும். மசித்து, பிள்ளைக்குப் பிடித்த சப்பாத்தியோடு கொஞ்சமாக வையுங்கள். நீங்களும் கூட உட்கார்ந்து சாப்பிடுங்கள்.

இரண்டு எச்சரிக்கை. ராஜ்மாவை ஸ்லோ குக்கரில் மட்டும் வேகவைக்காதீர்கள். குறைந்தது பத்து நிமிடமாவது நன்றாகக் கொதிக்க வேண்டும், இல்லாவிட்டால் வாந்தி வரும். ஜி6பிடி குறைபாடு உள்ள பிள்ளைகளுக்கு ஃபாவா பீன்ஸ் ரத்தச் சிவப்பணுக்களை உடைத்துவிடும். குடும்பத்தில் யாருக்காவது இருந்தால் டாக்டரைக் கேட்காமல் கொடுக்க வேண்டாம்.

எங்கள் வீட்டில் மொச்சைச் சுண்டல் இதுவரை ஆறு தடவை ஆகியிருக்கிறது. போன வாரம் மகன் இரண்டு கொட்டை சாப்பிட்டுவிட்டு “போதும்ப்பா” என்றான். சரி என்று மீதியை என் தட்டில் போட்டுக்கொண்டேன்.