உப்பு போகும் வழி

மார்ச் 4

ஆர்ஓ மெஷின் இன்று சுவரேறியது. விளக்கு மாடத்துக்குப் பக்கத்தில் ஆணி அடிக்கக் கூடாது என்று அத்தை கண்டிப்பாகச் சொல்லிவிட்டதால் ஜன்னலோரம்தான் இடம் கிடைத்தது. சாத்தூரிலிருந்து வந்த பையன் ட்ரில்லை எடுப்பதற்கு முன்னால் கேட்டது ஒன்றுதான்: "போர்த் தண்ணியா, பஞ்சாயத்துத் தண்ணியாக்கா?"

போர் என்றேன். டம்ளரில் பிடித்து மீட்டரை முக்கினான். டிடிஎஸ் 1480. "இந்தப் பக்கத்துக்கு இது கம்மிதான்க்கா" என்றான். தேறிவிட்டோம் என்பது போல அத்தை என்னைப் பார்த்தார்.

ஐஎஸ் 10500 என்கிற இந்தியத் தர அளவின்படி குடிநீரில் கரைந்த உப்பு, அதாவது டிடிஎஸ், லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது. வேறு தண்ணீருக்கு வழியே இல்லாத இடத்தில் 2000 வரை பொறுத்துக்கொள்ளலாம். கரிசல்காட்டில் நாங்கள் காலங்காலமாக அந்த இரண்டாவது வரிக்குள்தான் குடித்தனம் நடத்துகிறோம். பருப்பு வேகாது, தலையில் சோப்பு நுரைக்காது, எவர்சில்வர் குடத்தின் அடியில் வெள்ளைப் பூச்சு. அத்தை பிறந்தது வைப்பாற்றங்கரையில். ஆற்று மணலில் ஊற்றுத் தோண்டி, சிரட்டையால் கோரிக் குடம் நிறைத்த காலத்தை வைத்துத்தான் இன்றும் எல்லாத் தண்ணீரையும் அளப்பார்.

மாட்டி முடித்து, முதலில் பிடித்த தண்ணீரைக் கீழே ஊற்றிவிட்டு, அடுத்ததை அளந்தான். 90. அத்தை ஒரு வாய் குடித்துவிட்டு, "என்னப்பா சப்புன்னு கிடக்கு?" என்றார். பையனுக்கு இது பழக்கம் போல. மூடியைக் கழற்றி உள்ளே ஒரு சின்னத் திருகைத் திருப்பினான். மீட்டர் 250-க்கு ஏறியது. "இப்பக் குடிச்சுப் பாருங்கம்மா." குடித்தார். "இது தண்ணி."

மார்ச் 5

பிளஸ் டூ வகுப்பில் சவ்வூடு பரவல் நடத்தும்போதெல்லாம் உருளைக்கிழங்கை உப்பு நீரில் போட்டே காலம் தள்ளியிருக்கிறேன். இன்று கழற்றிப் போட்ட பழைய மெம்பிரேன் ஒன்றைத் தெரிந்த கடையில் கேட்டு வாங்கிப்போய்ப் பிளந்து காட்டினேன். சுருட்டிய பாய் மாதிரி, சவ்வும் வலையும் மாறி மாறிச் சுற்றியிருக்கிறது. பிள்ளைகளுக்கு ஒரே சந்தோஷம்.

தானாக விட்டால் நல்ல நீர் உப்பு நீரை நோக்கித்தான் போகும். மோட்டார் அழுத்தம் கொடுத்து அதைத் திருப்பி அனுப்புகிறது. தொழில்நுட்பம் அவ்வளவுதான். ஆனால் அதற்கு ஏற்ற சவ்வு கிடைக்கப் பல வருடம் ஆனது. 1960 வாக்கில் லாஸ் ஏஞ்சலிஸ் பல்கலைக்கழகத்தில் சிட்னி லோப் என்பவரும், இந்தியாவில் பிறந்த சீனிவாச சௌரிராஜனும் சேர்ந்துதான் செல்லுலோஸ் அசிடேட்டில் அதைச் செய்துகாட்டினார்கள். 1965-இல் கலிபோர்னியாவின் கோலிங்கா என்ற சிற்றூரில் ஊர்மக்களுக்கான முதல் ஆர்ஓ நிலையம் ஓடியது. ஒரு காலத்தில் அந்த ஊருக்குக் குடிதண்ணீர் ரயிலில் வந்ததாம். "நமக்கு மினி வேன்ல வருது டீச்சர்" என்றான் கடைசி பெஞ்சுக்காரன்.

மார்ச் 6

அந்தத் திருகு மனதில் கிடந்து உறுத்துகிறது.

சவ்வைத் தாண்டி வந்தது 90. மீட்டரில் 250. அந்த 160 எங்கிருந்து வந்தது? மெஷினுக்குள் மினரல் டப்பா ஏதும் இல்லை. திருகைத் திறந்தால், சவ்வுப் பக்கமே போகாத போர்த் தண்ணீர் குறுக்கு வழியில் வந்து கலக்கிறது. கணக்குப் போட்டேன். 1480-ஐயும் 90-ஐயும் கலந்து 250 வரவேண்டுமென்றால், ஏறக்குறைய ஒன்பதில் ஒரு பங்கு பச்சைப் போர்த் தண்ணீர். மெஷினில் உள்ள யூவி விளக்கு கிருமியைக் கொல்லும், உப்பை ஒன்றும் செய்யாது.

சுண்ணாம்பும் மெக்னீசியமும்தான் கலக்கிறதென்றால் அத்தையின் நாக்குக்காக விட்டுவிடலாம். எங்கள் ஊர்ப் போரில் அவை மட்டும்தானா என்பதுதான் விஷயம்.

மார்ச் 8

சாத்தூர்ப் பக்கத்து அச்சங்குளம் என்ற பெயரை வெளியூர்க்காரர்கள் கேள்விப்பட்டதே 2021 பிப்ரவரி 12 பட்டாசு ஆலை வெடிவிபத்தில்தான். இருபதுக்கும் மேற்பட்ட உயிர்கள். அதைப் பற்றி எழுத இன்னும் கை வரவில்லை. இன்று எழுத உட்கார்ந்தது சத்தம் போடாத ஒன்றைப் பற்றி.

சிவகாசி, மதுரைப் பகுதித் தண்ணீரில் பெர்குளோரேட் எவ்வளவு என்று பார்த்த ஆய்வொன்று 2013-இல் வெளியானது. பட்டாசு மருந்தில் ஆக்சிஜன் கொடுக்கப் போடும் பொட்டாசியம் பெர்குளோரேட்டின் மிச்சம்தான் அது. நீரில் கரையும், மண்ணில் ஒட்டாது, நிலத்தடி நீர் போகிற திசையில் கூடவே போகும். உடம்புக்குள் போனால் தைராய்டு சுரப்பி அயோடினை எடுத்துக்கொள்ள விடாமல் மறிக்கும். கர்ப்பிணிகளும் கைக்குழந்தைகளும்தான் முதலில் கவலைப்பட வேண்டியவர்கள்.

சிவகாசிப் பக்கம் எடுத்த 57 நிலத்தடி நீர் மாதிரிகளில் 17, அமெரிக்கா அப்போது வைத்திருந்த ஆலோசனை அளவான லிட்டருக்கு 15 மைக்ரோகிராமைத் தாண்டியிருந்தன. மதுரையில் ஒன்றுகூடத் தாண்டவில்லை. ஆய்வில் கிடைத்த உச்ச அளவு 7690. உலகச் சுகாதார நிறுவனம் 2017-இல் கொஞ்சம் தாராளமாக 70 என்று வைத்தது. அதை வைத்துப் பார்த்தாலும் நூறு மடங்குக்கு மேல்.

அந்தப் பையனின் மீட்டரை இங்கே கொண்டுவந்து வைத்துப் பார்க்கிறேன். 15 மைக்ரோகிராம் என்றால் 0.015 மில்லிகிராம். 1480 என்று காட்டும் கருவியில் அது ஒரு இலக்கமாகக்கூடத் தெரியாது. 7690 இருந்தாலும் எட்டு மில்லிகிராமுக்குள்தான், காலையிலும் மாலையிலும் அளந்தால் வரும் வித்தியாசத்துக்குள் அடங்கிவிடும். காய்ச்சினால் போகாது. தண்ணீர் ஆவியாகி இன்னும் கொஞ்சம் செறிவாகத்தான் ஆகும். சவ்வு பெரும்பகுதியை நிறுத்தும். சவ்வைச் சுற்றிவரும் ஒன்பதில் ஒரு பங்கை யார் நிறுத்துவது?

திருகை மூடினேன். எங்கள் போரில் பெர்குளோரேட் இருக்கிறதா என்று இதுவரை யாரும் பார்த்ததில்லை. பார்க்கிறவரை மூடியே இருக்கட்டும். அத்தை இரண்டு நாளாக மோர் மட்டும் குடிக்கிறார்.

மார்ச் 11

கழிவுக் குழாயின் கீழே வாளி வைத்துப் பார்த்தேன். ஒரு லிட்டர் நல்ல தண்ணீருக்கு மூன்று லிட்டர் வெளியே போகிறது. மெஷின் உப்பை அழிப்பதில்லை, இடம் மாற்றுகிறது. நாலு லிட்டரில் இருந்த உப்பு மூன்று லிட்டருக்குள் வந்ததால் கழிவின் டிடிஎஸ் 1940 பக்கம் வரவேண்டும். அளந்தால் 1925. மனதுக்குள் ஒரு சின்னப் பெருமிதம், ஒளிப்பானேன்.

அத்தைக்கு அதைக் கொட்ட மனசில்லை. குழாயை நீட்டிக் கொல்லைப்புற அரைக்கீரைப் பாத்திக்குள் விட்டிருந்தார். அவர் கோபப்பட்டாலும் பரவாயில்லை என்று எடுத்துவிட்டேன். பெர்குளோரேட் வேரோடு ஏறி இலையில் தங்கும் குணமுடையது. சவ்வு நிறுத்தியதைக் கீரை வழியாகத் தட்டுக்குக் கொண்டுவந்தால் மெஷின் எதற்கு? தவிர, கரிசல் மண்ணில் சோடியம் சேர்ந்தால் இறுகிப்போய் நீர் இறங்காது. இப்போது கழிவு நீர் கக்கூஸுக்கும், தரை துடைக்கவும். அதுவும் கடைசியில் இதே மண்ணுக்குத்தான் போகிறது, தெரியும்.

மார்ச் 15

பஞ்சாயத்துக் குழாயில் தண்ணீர் வந்தது. மீட்டரை முக்கினேன், 210. இதற்கு ஆர்ஓ தேவையே இல்லை. 500-க்குக் கீழே உள்ள தண்ணீருக்கு ஆர்ஓ வைப்பதைத் தடைசெய்யச் சொல்லி 2019 மே மாதம் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் உத்தரவு போட்டது. இருக்கிற இடங்களிலும் 60 சதத் தண்ணீரையாவது மீட்க வேண்டும் என்றது. என் மெஷின் மீட்பது 25. மேலே சொன்ன ஆய்விலும் குழாய்த் தண்ணீர் மாதிரிகளில் இருந்த பெர்குளோரேட் அரை மைக்ரோகிராம்கூட இல்லை.

ஆகவே குழாய் வரும் நாளில் பிடித்த தண்ணீரைக் காய்ச்சிக் குடிக்கிறோம், மெஷினுக்கு ஓய்வு. வராத நாட்களுக்குத்தான் அது. அத்தை மறுபடி தண்ணீர் குடிக்க ஆரம்பித்துவிட்டார்.

மார்ச் 19

பக்கத்து வீட்டு மதினி குடத்தோடு வந்தார். பட்டாசு ஆலைக்கு வேலைக்குப் போகிறவர். வேனில் வாங்கும் குடத்துக் காசு மிச்சமாகட்டும் என்று நான்தான் பிடித்துக்கொள்ளச் சொல்லியிருந்தேன். குடம் நிறைய நேரமாகும். உட்கார்ந்து பேசினோம். அவர் மருமகள் மாசமாக இருக்கிறாள். போர்த் தண்ணீரை அப்படியே குடிக்க வேண்டாம், குழாய்த் தண்ணீரோ இந்தத் தண்ணீரோதான் என்றேன். ஏன் என்று கேட்டார், சொன்னேன்.

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "மருந்துக் கலவை செட்டைக் கழுவுற தண்ணி பின்னால ஓடைக்குத்தான் போகும் டீச்சர். எங்க கைகால் கழுவுறதும் அங்கதான்" என்றார்.

மார்ச் 22

உலகத் தண்ணீர் தினக் கிராம சபை. ஊர்ப் போர்களிலும் அடிபம்புகளிலும் பெர்குளோரேட் பார்க்க வேண்டும் என்று ஒரு பக்கத்தில் எழுதிப்போனேன். ஐஎஸ் 10500 பட்டியலில் இந்தப் பொருளே கிடையாது, எனவே வழக்கமான பரிசோதனையில் பார்க்க மாட்டார்கள், தனியாகக் கேட்டால்தான் உண்டு என்பதையும் சேர்த்திருந்தேன்.

வாசித்து முடிப்பதற்குள் பின்னாலிருந்து ஒருவர் எழுந்தார். "அப்ப பட்டாசு ஆபீஸை மூடச் சொல்றீகளா டீச்சர்?" முணுமுணுப்பு கிளம்பியது. அந்தக் கூட்டத்தில் முக்கால்வாசி வீட்டு உலை அந்தக் கூலியில்தான் கொதிக்கிறது. என் வகுப்புப் பிள்ளைகளின் பீஸும் அதில்தான்.

நான் பதில் சொல்வதற்குள் மதினி எழுந்துவிட்டார். "வேலைய யாரு நிறுத்தச் சொன்னா? கழுவுற தண்ணிய ஓடைல விடாம ஒரு தொட்டி கட்டி விடச் சொல்லுங்க. அதையும் மனுவுல எழுதிக்கோங்க டீச்சர்."

எழுதினேன். கையெழுத்துப் போட முதலில் வந்தவரும் அவர்தான். கேள்வி கேட்டவர் போடவில்லை. அவர் மனைவி போட்டார்.