மனிதப் பயன்பாட்டுக்கு அல்ல

போன கிழமை இரவு பத்தரைக்கு வாட்ஸ்அப்பில் ஒரு ஸ்கிரீன்ஷொட் வந்தது. ஆய்வுகூடங்களுக்குப் புரதம் விற்கிற வெளிநாட்டுக் கம்பனி ஒன்றின் விலைப்பட்டியல். 'ரீகொம்பினன்ட் ஹியூமன் ஃபிராடாக்சின்' என்று பெயர், பக்கத்தில் டொலரில் விலை. அனுப்பியது ஓ.எல். வரை என்னிடம் விஞ்ஞானம் படித்த பிள்ளை. கீழே ஒரு வரி: "சேர், நானாக்குக் குறையிற சாமான் இதுதானே? வாங்கி ஊசியாப் போட ஏலாதா?"

அவளுடைய நானாவுக்கு ஃபிரீட்ரிக் அட்டாக்சியா. பன்னிரண்டு வயதில் நடை தள்ளாடத் தொடங்கியது. "இந்த வயசிலேயே குடிச்சிருக்கானா" என்று ரோட்டில் கேட்டவர்களும் இருக்கிறார்கள். இப்போது சக்கர நாற்காலி, பேச்சும் குழறுகிறது. நோயின் பெயரைக் கண்டுபிடிக்கவே ஆறு வருஷம் போனது.

"நாளைக்கு உம்மாவோட ஸ்கூலுக்கு வாங்க" என்று பதில் போட்டுவிட்டு, விடியும்வரை இருந்து படித்தேன். வருஷா வருஷம் தரம் பத்துக்கு "இழைமணி, கலத்தின் சக்தி நிலையம்" என்று சொல்லிவிட்டு அடுத்த புன்னங்கத்துக்குப் போகிற ஆள் நான். அந்த வசனத்துக்குப் புள்ளி கிடைக்கும், அவ்வளவுதான். இழைமணிக்குள் இரும்பும் கந்தகமும் சேர்ந்த சின்னக் கொத்துகள் கட்டப்படுகின்றன. சக்தி எடுக்கும் வேலைக்கு அவை இல்லாமல் சரிவராது. அதைக் கட்ட உதவுவதுதான் ஃபிராடாக்சின். 9ஆம் நிறமூர்த்தத்தில் உள்ள அதன் பரம்பரையலகில் ஜி.ஏ.ஏ. என்ற மூன்றெழுத்து நூற்றுக்கணக்கான தடவை திரும்பத் திரும்ப வந்தால் புரதம் குறைந்துவிடும். ஃபிரீட்ரிக் நோயை விவரித்தது 1863இல். இந்தக் காரணம் தெரியவந்தது 1996இல்.

காலையில் கரும்பலகையில் கீறிக் காட்டினேன். நம் கலம் இதை 210 அமினோ அமிலமாகச் செய்கிறது. முன்னால் உள்ள பகுதி, இழைமணிக்குப் போகும் விலாசம் மாதிரி. உள்ளே போனதும் 80 வெட்டுப்பட்டு 130 மிஞ்சும். விற்பனைக்குச் செய்பவர்கள் பெரும்பாலும் அந்த மிஞ்சிய துண்டைத்தான் ஈ.கோலி பற்றீரியாவைக் கொண்டு செய்விக்கிறார்கள். ஆறு ஹிஸ்டிடினை வாலாக ஒட்டுவார்கள். வால் நிக்கலில் பிடித்துக்கொள்ளும், மற்றப் புரதங்களைக் கழுவிவிடலாம்.

"அப்ப விலாசம் இல்லாத கடிதம்" என்றாள் பிள்ளை.

அதேதான். ஊசி போட்டாலும் கலமென்சவ்வைத் தாண்டாது. தாண்டினாலும் இழைமணிக்கு இன்னும் இரண்டு மென்சவ்வு. பற்றீரியாவின் மிச்சசொச்சம் இரத்தத்தில் கலந்தால் உயிருக்கே ஆபத்து. பட்டியலின் அடியில் சின்ன எழுத்தில் இருந்ததையும் காட்டினேன்: ஆராய்ச்சிக்கு மட்டும், மனிதப் பயன்பாட்டுக்கு அல்ல.

"அப்ப என்னத்துக்கு விக்கிறாங்க?" உம்மா கொஞ்சம் கோபமாகவே கேட்டார். கோபம் நியாயம்தான். நோயாளியின் உடம்பில் ஃபிராடாக்சின் எவ்வளவு என்று அளக்க, அளவு தெரிந்த ஒன்று கையில் வேணும், கடைத் தராசுக்குப் படிக்கல் மாதிரி. ஒரு மருந்து அந்த அளவைக் கூட்டுகிறதா என்று பார்க்க அது உதவும். அமெரிக்காவில் ஒரு கம்பனி, எச்.ஐ.வி. கிருமியின் புரதமொன்றில் கலத்துக்குள் நுழைய உதவும் துண்டை எடுத்து, விலாசத்தோடு உள்ள முழு ஃபிராடாக்சினுடன் இணைத்து நோயாளிகளில் பரிசோதித்து வருகிறது. 2023இல் ஒமாவெலொக்சோலோன் என்ற மருந்துக்கு அங்கே அனுமதி கிடைத்தது. அது நோயைச் சுகப்படுத்தாது, வேகத்தைக் குறைக்கும். வருஷத்துக்கு மூன்று இலட்சம் டொலருக்கு மேல். விலையைச் சொல்லாமல் விடலாமா என்று யோசித்தேன். பிள்ளை எப்படியும் தேடிப் பார்ப்பாள், சொன்னேன்.

உம்மா மெதுவாகக் கேட்டார்: "இவங்கட வாப்பா என்ட மாமிட மகன் சேர். அதாலயா?"

சொந்தத்தில் முடித்தால் இரண்டு பேரிடமும் ஒரே பிழை இருக்கிற வாய்ப்புக் கூடும், அது உண்மை. பிறத்தியில் முடித்தவர்களுக்கும் இது வருகிறது. உங்களுக்கு முன்கூட்டித் தெரிய ஒரு வழியும் இருக்கவில்லை என்றேன். அவர் தலையை ஆட்டினார், நம்பினாரா தெரியாது.

பிள்ளை சோக்கை எடுத்து நாலு கட்டம் கீறினாள். நோயுள்ள கட்டத்தை வெட்டினாள். மிச்சம் மூன்று. "இதில நான் எது சேர்?" மூன்றில் இரண்டு, காவி. பரீட்சையில் நானே எத்தனை தடவை கொடுத்த கேள்வி! டொக்டர்தான் பரிசோதித்துச் சொல்ல வேணும் என்றேன். அடுத்த மாதக் கிளினிக்கில் கேட்க வேண்டியதைக் கொப்பியில் எழுதினோம். முதலாவது, நானாவுக்கு இருதய ஸ்கேன் எப்போது? இரண்டாவதை அவளே எழுதினாள்.

இதைப் போடச் சொன்னது அந்த உம்மாதான். இதே நோயுள்ள வேறு குடும்பம் யாருக்காவது தெரிந்தால் இன்பொக்ஸில் சொல்லுங்க. அவருக்குப் பேச ஒரு ஆள் வேணுமாம்.