ஆடிக் காற்றுக்கு முன்னால்

கோயம்புத்தூர்,
சித்திரை 10.

அன்புள்ள தம்பிக்கு,

நீ வாட்ஸ்அப்பில் அனுப்பிய படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன். போனில் சொன்னால் "சரிக்கா, சரிக்கா" என்பாய். பட்டறைக்காரர் வந்து நின்றதும் அவர் சொன்னதுதான் வேதம். அதனால் எழுதியே அனுப்புகிறேன், அவரிடமும் காட்டு.

மொட்டைமாடியில் நாலு ஏசி அவுட்டோர் யூனிட், மெக்கானிக் சுற்றி நடக்க ஒரு மேடை. ஏற்பாடு நல்லதுதான். "அஞ்சு இன்ச் தளமுங்க, யானையே ஏறலாம்" என்றாராமே! ஆள் நடமாடும் மொட்டைமாடிக்கு நம் நாட்டுத் தரவிதி எடுத்துக்கொள்ளும் சுமை சதுர மீட்டருக்குச் சுமார் 150 கிலோ. உன் யூனிட் ஒன்றே 250 கிலோ. அதனால் மேடைக் கால் எதுவும் தளத்தின் நடுவில் நிற்கக் கூடாது. கீழே பில்லர் எங்கே இருக்கிறதோ அதற்கு நேர் மேலே நிறுத்து. தோதுப்படாவிட்டால் பீம் மேலே. இடைவெளியை ஐ பீம் தாண்டிக்கொள்ளும். இரும்புச் செலவு கூடத்தான் செய்யும், பரவாயில்லை.

எடையைப் பற்றி எல்லோரும் கேட்கிறார்கள். காற்று தள்ளினால் எது பிடிக்கும் என்று ஒருவரும் கேட்பதில்லை. நீ இருப்பது பல்லடத்தில் கண்ணு. கேத்தனூர்ப் பக்கம் அத்தனை காற்றாலை சும்மாவா நட்டார்கள்? பாலக்காட்டுக் கணவாய் வழியாக வைகாசியில் கிளம்புவது ஆவணி தாண்டியும் ஓயாது. நம் தரவிதியான ஐ.எஸ். 875-இன் மூன்றாம் பகுதி கோவைக்கு வைத்திருக்கும் அடிப்படைக் காற்று வேகம் நொடிக்கு 39 மீட்டர், அதாவது மணிக்கு 140 கிலோமீட்டர். காற்றழுத்தம் தெரிய 39-ஐ 39-ஆல் பெருக்கி, வருவதை 0.6-ஆல் பெருக்கு. சதுர மீட்டருக்கு 912 நியூட்டன் வரும், ஏறக்குறைய 93 கிலோ. ஆள் உயர யூனிட்டின் முகம் 2 சதுர மீட்டர் என்றால் 186 கிலோ அதை நெஞ்சில் கைவைத்துத் தள்ளுகிறது. இரண்டரை அடி அகலத்தில் நிற்கும் 250 கிலோ பெட்டி, போல்ட் இல்லாவிட்டால் குப்புறக் கவிழும். ஐம்பது வருஷத்துக்கு ஒருமுறை வரும் வேகம்தானே என்பார் பட்டறைக்காரர். அது அடுத்த ஆடியிலேயே வராது என்று அவரால் எழுதித் தர முடியுமா? மேடைக்குச் செக்கர் பிளேட் வேண்டாம், கிரேட்டிங் போடு; காற்றும் மழையும் ஊடே போய்விடும்.

இனி ஆங்கர். தட்டோட்டின் மேல் போல்ட் அடிப்பதாகச் சொல்கிறாரே, அதற்கு ஒருபோதும் சம்மதிக்காதே. தட்டோட்டுக்கு அடியில் இருப்பது செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும். வெயிலுக்கும் மழைக்கும் போட்ட அந்த அடுக்குக்குப் பிடிமானம் கிடையாது. கைப்பிடிச் சுவரிலும் கட்டாதே, அது வெறும் நாலரை இன்ச் செங்கல். கால் வரும் இடத்தில் மட்டும் தட்டோட்டை வெட்டி எடுத்துக் கான்கிரீட் தெரியும்வரை போக வேண்டும். அதைக் கொத்திச் சொரசொரப்பாக்கி, கம்பிகளைக் கெமிக்கல் ஆங்கரில் நட்டு, ஒன்றரை அடி உயரத்துக்குப் பெடஸ்டல் போடச் சொல். பேஸ் பிளேட்டுக்கான போல்ட்டுகள் அதற்குள்ளேயே நிற்கட்டும்.

துளை போடும்போது நீ பக்கத்தில் நில். பீமுக்கு மேலேதான் தளத்தின் மேல்கம்பி ஓடுகிறது, கான்கிரீட்டுக்குள் ஒரு இன்ச் கூட ஆழம் இருக்காது. டிரில் கம்பியில் முட்டினால் சத்தமே மாறும். அதை அறுத்துவிட்டு மேலே போகாமல் துளையைத் தள்ளிப் போடச் சொல். துளை விழுந்ததும் ஊதி, பிரஷ் விட்டுத் தேய்த்து, மறுபடி ஊத வேண்டும். தூசி இருந்தால் பசை கான்கிரீட்டைப் பிடிக்காது, தூசியைத்தான் பிடிக்கும். இந்த வேலையில் ஏமாற்றுவது இங்கேதான், வெளியிலிருந்து பார்த்தால் எல்லாத் துளையும் ஒன்றுபோலத்தான் இருக்கும். காயும் நேரம் டியூபிலேயே போட்டிருக்கும், அதற்கு முன் நட்டைத் தொடக் கூடாது. காய்ந்தபின் ஒரு கம்பியை ஜாக் வைத்து இழுத்துக் காட்டச் சொல். அவர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

வாட்டர் புரூஃப் பூச்சைத் தளத்தோடு நிறுத்தாமல் பெடஸ்டல் பக்கங்களிலும் ஓரடி ஏற்று. மழைத்தண்ணீர் குழாய்க்கு ஓடும் சரிவை எந்தக் காலும் மறிக்கக் கூடாது. ஒன்றரை அடி உயரம் சொன்னதற்குக் காரணம், பத்து வருஷம் கழித்துப் பூச்சு அடிக்க வருகிறவன் மேடைக்கு அடியில் கை நீட்ட வேண்டுமே என்பதுதான். யூனிட்டுக்கு அடியில் ரப்பர் பேட் வை, இல்லாவிட்டால் கீழ்மாடியில் தைக்கும் டெய்லர்கள் நாள் முழுக்க ரீங்காரத்தைக் கேட்டுக்கொண்டிருப்பார்கள்.

கால்களுக்கு இடையே குறுக்கு ஆங்கிளையும் விடாதே. காற்று மட்டுமல்ல, நிலமும் ஆடலாம். 1900 பிப்ரவரியில் கோயம்புத்தூரையே உலுக்கிய நிலநடுக்கம் ஒன்று உண்டு, நம் பக்கம் யாருக்கும் அது ஞாபகமில்லை. மேடையின் கைப்பிடி ஒரு மீட்டருக்குக் குறையாமல் இருக்கட்டும். ஸ்பேனர் உருண்டு விழாமல் ஓரத்தில் நாலு இன்ச் தகடு வை.

கட்டிடத்தின் பீம் வரைபடம் அப்பாவின் பீரோவில், பத்திரங்களுக்கு அடியில் இருக்கும். எடுத்து அனுப்பு, கால் வரும் இடங்களைக் குறித்துத் தருகிறேன். அதுவரை அட்வான்ஸ் கொடுத்துவிடாதே.

அன்புடன்,
அக்கா